குளத்துக்கு வரும் குழாய்

அத்தியாயம் 11

போன வாரம் மாஸ்டரைத் தொலைபேசியும் கையுமாக நிற்க வைத்துவிட்டு வந்தோம். இன்றுதான் முதல் தடவையாக இந்தப் பக்கத்துக்கு வருகிறீர்கள் என்றால் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன்.

மாஸ்டர் இந்த வீட்டின் இளையவன். நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறான். அவன் அக்கா அதே நகராட்சியில் எரிசக்திப் பிரிவின் இன்ஜினியர். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எங்கே இருந்தாலும் எழுந்து போய் அணைத்துவிட்டுத்தான் உட்காருவாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'சுவிட்ச்'. அப்பா அச்சகத்தில் பிழை திருத்தியே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். தெருவில் அவரை 'திருத்தம்' என்று சொன்னால்தான் தெரியும். அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது.

மாஸ்டரைக் கூப்பிட்டது ஒரு பத்திரிகை நிருபர். அவர் கேட்டது ஒரே கேள்வி. “சுடுகாட்டுச் சூட்டுல காயற தண்ணியில உங்க பிள்ளைங்களை இறக்குவீங்களா மாஸ்டர்?”

மாஸ்டருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நிருபர் விளக்கிச் சொன்னார். மாஸ்டர் போனை வைத்துவிட்டான். அக்கா மாடியில் இருந்தாள், அவன் கீழே. நடுவில் ஒரே ஒரு படிக்கட்டுதான். ஆனாலும் அன்றைக்கு அவன் அதில் ஏறவில்லை.

மறுநாள் காலை குளத்தில் சிறுவர் வகுப்பு. வழக்கமாகக் கதவு திறப்பதற்கு முன்பே வந்து கம்பியைப் பிடித்துத் தொங்குகிற பிள்ளைகள் அன்று பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். வந்தவர்களும் உடை மாற்றாமல் அம்மாக்களின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

தையல்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா முன்னால் வந்தாள். தண்ணீரை இப்போதே அந்தச் சூட்டுக்கு மாற்றிவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை, இன்னும் பழைய கொதிகலன்தான் என்றான் மாஸ்டர். சந்தேகம் வேண்டாம் என்று இயந்திர அறையைத் திறந்தே காட்டினான். அவள் எட்டிப் பார்த்தாள். கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. அவள் முகம் தெளியவில்லை.

“எங்களுக்கு உங்க மேல கோபம் இல்ல மாஸ்டர். ஆனா 'எங்க அக்கா குளத்தைக் காப்பாத்திட்டா'ன்னு போன மாசம் எல்லார்கிட்டயும் நீங்கதானே சொன்னீங்க?”

அவன் சொன்னது உண்மை. வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். இப்போது அதே வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

விஷயம் இதுதான். நகராட்சி கொஞ்ச வருஷங்களாகவே எரிபொருளையும் மின்சாரத்தையும் மிச்சம் பிடிப்பதில் இறங்கியிருந்தது. தெருவிளக்குகளை மாற்றியது. நூலகத்தின் கூரைக்கு வெள்ளையடித்து உள்ளே அனலைக் குறைத்தது. குப்பை வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றியது. அதுவரை ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். கடைசியில் மிஞ்சியது குளம். நகராட்சிக் கட்டடங்கள் எல்லாம் சேர்ந்து எரிக்கிற எரிவாயுவில் பெரும்பங்கை அந்த ஒரு கொதிகலன் விழுங்கிக்கொண்டிருந்தது. குளிர் மாதங்களில் குளத்தை மூடிவிடலாம் என்று நகர்மன்றத்தில் பேச்சு எழுந்தது. மூடினால் மாஸ்டருக்கு வேலை இல்லை. பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை.

சுவிட்ச் வேறு வழி கண்டுபிடித்தாள். குளத்துக்கு எதிரே, சாலையின் மறுபக்கத்தில் நகராட்சியின் எரிவாயு தகனமேடை இருக்கிறது. அங்கே உலையிலிருந்து வருகிற புகையை வடிகட்டுவதற்கு முன் ஆறவைத்தாக வேண்டும். அப்படி ஆறவைக்கும்போது பிரிகிற சூட்டைக் கூரையில் உள்ள பெரிய விசிறிகள் வெளியே ஊதித் தள்ளுகின்றன. அந்தச் சூட்டை ஒரு குழாய்த் தண்ணீரில் ஏற்றிச் சாலைக்கு அடியில் கொண்டுவந்துவிட்டால் கொதிகலனை அணைத்துவிடலாம். குளத்தையும் மூட வேண்டாம்.

கணக்கெல்லாம் சரியாகவே போட்டாள். எழுதும்போதுதான் அவள் கை தயங்கியது. 'அருகிலுள்ள நகராட்சி நிலையம் ஒன்றின் வீண் வெப்பம்' என்று எழுதினாள். வீட்டிலும் அப்படியே சொன்னாள். குப்பை எரிக்கிற இடமாக இருக்கும் என்று மாஸ்டர் தானாக நினைத்துக்கொண்டான். அவள் அதை இல்லை என்று சொல்லவில்லை.

வகுப்பு நடக்காமலே பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது அவள் குளத்துக்கு வந்து சேர்ந்தாள். செய்தித்தாளை அலுவலகத்தில் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தாள். மாஸ்டர் ஈரத் தரையைத் தள்ளு துடைப்பத்தால் வழித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“பத்திரிகைக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா அக்கா?”

அவள் படபடவென்று சொல்ல ஆரம்பித்தாள். அந்தச் சூடு பெரும்பாலும் எரிவாயுவின் சூடுதான். புகை ஒரு பக்கம், குழாய்த் தண்ணீர் ஒரு பக்கம், குளத்துத் தண்ணீர் இன்னொரு பக்கம். நடுவில் உலோகத் தகடு. ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது.

“எனக்குப் பாடம் எடுக்காத,” என்றான். “கலக்காதுன்னு எனக்கும் புரியுது. அம்மாவை அங்கதான் கொண்டுபோனோம்.”

“தெரியும்டா. அதனாலதான் வாய் வரல.”

“வாய் வரலன்னா திட்டத்துல மட்டும் எப்படி எழுத வந்துச்சு?”

 அவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டான். இன்னும் சொல்லவில்லை என்றாள். மதியம் நகர்மன்றத்தில் திட்டத்தின் மீது பொதுமக்கள் கருத்துக் கூட்டம். ஊரே வரும்.

“அதுக்குள்ள சொல்லிடு. உன் குழாய், நீயே சொல்லு. நான் நடுவுல வரமாட்டேன்.”

சிறுவர் வகுப்பு முடிகிற நேரத்துக்கு அப்பா துண்டோடு வந்துவிடுவார். அம்மா போன பிறகு வீட்டிலேயே முடங்கிக் கிடந்த மனிதரை மாஸ்டர்தான் முழங்கால் வலிக்கு நல்லது என்று இழுத்துக்கொண்டு வந்து தண்ணீரில் இறக்கினான். அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தவறியதில்லை. இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா வரவில்லை.

அக்கா வீட்டுக்குப் போன் செய்தாள். மாஸ்டரின் மனைவிதான் எடுத்தாள். மாமா சவரம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிவிட்டார், துண்டை எடுத்துப் போகவில்லை என்றாள்.

முடி திருத்தகத்தில் போய்க் கேட்டாள். கடைக்காரர் சங்கடப்பட்டார். வருகிறவர்களுக்குச் செய்தி படித்துக் காட்டுவது அவருடைய பழக்கம். இன்றைக்கும் படித்தேன், யாருடைய மகள் என்று யோசிக்காமல் கடைசிவரை படித்துத் தொலைத்துவிட்டேன் என்றார். பாதிச் சவரத்தில் பெரியவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாராம். செய்தித்தாளை வாங்கிக்கொண்டாராம். ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலுமாக எழுந்து போய்விட்டாராம்.

அவர் எங்கே போயிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தகனமேடையின் வளாகத்துக்குள் ஒரு மரம், அதன் கீழே சிமெண்டுப் பெஞ்சு. அப்பா அதில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. உள்ளே யாரோ ஒருவருடைய தகனம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நாலைந்து பேர் செருப்பில்லாத கால்களை மாற்றி மாற்றி வைத்து நின்றார்கள்.

“உட்காரு,” என்றார் மகளைப் பார்த்து.

உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் எதிரே இருந்த அறிவிப்புப் பலகையைக் காட்டினார். 'அமைதி காகவும்' என்று எழுதியிருந்தது.

“போன வருஷமே பார்த்தேன். ஒரு எழுத்து விட்டுப்போச்சு. சொல்லிட்டுத்தான் போனேன். இன்னும் மாத்தல.”

போன வருஷம் என்று அவர் சொன்னது எந்த நாள் என்று அவளுக்குத் தெரியும். சிரிப்பதா அழுவதா என்று விளங்காமல் தலையை ஆட்டினாள்.

பிறகு அவர் கேட்டார், அவள் சொன்னாள். விசிறி எதற்கு, குழாய் எந்தப் பக்கமாகப் போகும், குளத்துக்குப் போதுமா. காலையில் தம்பியிடம் படபடத்த மாதிரி இல்லாமல் இப்போது நிதானமாகச் சொல்ல முடிந்தது. அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

“அவ போன அன்னிக்கும் இந்த விசிறி ஓடிச்சா?”

“ஓடிச்சுப்பா.”

“அந்தச் சூடு எங்க போச்சு?”

“காத்துல.”

அப்பா மடித்து வைத்திருந்த செய்தித்தாளை விரித்தார். திட்டத்தில் அவள் எழுதியிருந்த வரியை நிருபர் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். அதில் இரண்டு இடங்களில் அப்பா பேனாவால் கோடு போட்டிருந்தார்.

“ரெண்டு தப்பு இருக்கு. 'அருகிலுள்ள நிலையம்'னு எழுதியிருக்க. மயானத்துக்கு மயானம்னு பேர் இருக்கு. மறைச்சு எழுதினா, பண்றது தப்பு வேலைன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“சரிப்பா.”

“இன்னொண்ணு 'வீண்'.” அவர் குரல் உயரவில்லை. “உங்கம்மாவோட கடைசிச் சூடு அது. அதை வீண்னு எழுத உனக்கு எப்படிக் கை வந்துச்சு?”

எங்கள் வேலையில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவள் சொல்ல நினைத்தாள். சொல்லவும் சொன்னாள். சொன்ன பிறகு அது அவள் காதுக்கே பொருத்தமாகப் படவில்லை. உங்களுக்கு வேண்டாம் என்றால் திட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றாள். மூன்று வருஷத்து வேலையை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து விட்டுக்கொடுக்க அவள் தயாராகத்தான் இருந்தாள்.

“அதைச் சொல்ல நான் யாரு? ஊரு சொல்லட்டும்,” என்று அப்பா எழுந்தார். “கூட்டத்துக்கு நானும் வர்றேன். முதல்ல இந்தக் கன்னத்தை மழிச்சுட்டு வந்துடறேன்.”

நகர்மன்றக் கூடம் நிரம்பி வழிந்தது. ஏசியின் குளிரை அதிகமாக வைக்கக் கூடாது என்று விதி போட்டதும் சுவிட்ச்தான். அதனால் உறுப்பினர்கள் கையில் கிடைத்த காகிதத்தால் விசிறிக்கொண்டு அவளை முறைத்துப் பார்த்தார்கள். முன்வரிசையில் நிருபர். பின்வரிசையில் தையல்கடை அம்மாவும் குளத்துப் பிள்ளைகளின் மற்ற அம்மாக்களும். சுவரோரம் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் தனியாக வந்து தனியாக நின்றான். அப்பா நடுவில் ஒரு நாற்காலியில், இரண்டு கன்னமும் மழித்துப் பளிச்சென்று.

நகராட்சித் தலைவி முன்னாள் மருந்துக்கடைக்காரி. யாரையும் நீட்டி முழக்க விடமாட்டாள். திட்டத்தைப் படி என்று இன்ஜினியரிடம் சொன்னாள்.

சுவிட்ச் எழுந்தாள். படிக்கவில்லை.

“படிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். 'அருகிலுள்ள நிலையம்'னு இதுல எழுதியிருக்கு. அது எதிர்ல இருக்கற மயானம். தெரிஞ்சா எதிர்ப்பீங்கன்னு பயந்து மறைச்சு எழுதினது நான்தான். என் வீட்டுலயும் சொல்லல. அந்த வரியை மாத்தணும். 'வீண்'கிற வார்த்தையையும் எடுத்துடணும்.”

கூடத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. நிருபர் எழுதிக்கொள்ளக் குனிந்தார். அவள் தொடர்ந்து எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். எவ்வளவு எரிவாயு மிச்சமாகும், சாலையை எங்கே தோண்டுவார்கள், எத்தனை நாள் போக்குவரத்துக்குத் தொல்லை, எல்லாம்.

மரக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவருக்கு இந்தத் திட்டம் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. ஊரில் யாருமே சாகாத வாரத்தில் பிள்ளைகள் குளிரில் நடுங்குவார்களா என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். சுவிட்ச் கோபப்படவில்லை. சூட்டைச் சேர்த்து வைக்கப் பெரிய தொட்டி உண்டு, அதுவும் போதாத நாளுக்குச் சின்னதாக மின்சார ஏற்பாடு உண்டு என்று பதில் சொன்னாள். உறுப்பினர் உட்கார்ந்தார்.

பொதுமக்களில் யாராவது பேசலாம் என்றாள் தலைவி. அப்பா கையைத் தூக்கினார். இன்ஜினியரின் அப்பா என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டார்கள். மகளுக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறார் என்று மரக்கடைக்காரர் தாழ்ந்த குரலில் சொன்னது நாலு வரிசைக்குக் கேட்டது.

“நான் இதுக்கு ஆதரவாவும் பேசல, எதிராவும் பேசல,” என்றார் அப்பா. “எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அங்க ஒருத்தரைக் கொண்டு வர்றாங்க. அவங்க வீட்டாரைக் கேப்பீங்களா?”

தலைவி இன்ஜினியரைப் பார்த்தாள். இன்ஜினியர் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் நின்றபடியே யோசித்தாள். காகிதத்தின் பின்பக்கத்தில் ஏதோ கோடு இழுத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“கேக்கலாம். குழாய் ஆரம்பிக்கற இடத்துல ஒரு வால்வு வெச்சா போதும். அவங்க வேண்டாம்னு சொன்னா அந்த நேரத்துச் சூடு குளத்துக்கு வராது. இப்ப மாதிரியே விசிறி வழியா வெளியில போயிடும்.”

“வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேக்கக் கூடாது,” என்றார் அப்பா.

“கேக்க மாட்டோம்ப்பா,” என்றாள் அவள். நகர்மன்றக் கூட்டம் என்பதை மறந்து அப்பா என்று சொல்லிவிட்டாள். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பின்வரிசையில் இறுக்கம் தளர்ந்தது. தையல்கடை அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்ல, அவள் தலையாட்டினாள். தலைவிக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று புரிந்துவிட்டது. குளத்தின் ஆள் என்ன சொல்கிறார் என்று மாஸ்டரைக் கூப்பிட்டாள். குளம் திறந்திருந்தால்தான் அவனுக்குப் பிழைப்பு. ஆகவே அவன் இரண்டு வார்த்தை ஆதரவாகச் சொல்வான், வாக்கெடுப்புக்குப் போய்விடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் அக்காவும் அப்படித்தான் நினைத்தாள்.

மாஸ்டர் சுவரைவிட்டு நகரவில்லை.

“குளத்துல ஆழம் இல்லாத பக்கம் நின்னா அந்தப் புகைபோக்கி நேரா தெரியும்,” என்றான். “அங்க நின்னுதான் சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரணும். எங்கம்மா போனதுலேர்ந்து நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் நிக்கறேன். பிள்ளைங்களை அதுக்கேத்த மாதிரி திருப்பி நிக்க வெச்சுட்டேன். யாரும் ஏன்னு கேக்கல. நானும் சொல்லல.”

கூடத்தில் காகிதங்கள் விசிறுவது நின்றது.

“பார்க்கறதையே என்னால தாங்க முடியல. அங்கேர்ந்து வர்ற சூடு என் மேல படறதை எப்படித் தாங்குவேன்? திட்டம் நல்ல திட்டம். எங்கக்கா கணக்கு தப்பா போடமாட்டா. நீங்க நிறைவேத்துங்க. ஆனா அந்தத் தண்ணியில நான் இறங்க மாட்டேன்.”

அவன் சொல்லி முடித்துவிட்டு வெளியே போகவில்லை. மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றான். அவன் அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ காலைகளில் அவள் அந்தக் குளத்துக்குப் போயிருக்கிறாள். கொதிகலனைப் பார்த்தாள், வெப்பமானியைப் பார்த்தாள், விளக்குகளை எண்ணினாள். தம்பி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான் என்று பார்க்கவில்லை.

வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு வாக்கு வித்தியாசத்தில் திட்டம் நிறைவேறியது. வரிகளை மாற்ற வேண்டும், வால்வு வைக்க வேண்டும், குடும்பத்தாரின் சம்மதம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு.

சரி, யார் போய்க் கேட்பது என்றாள் தலைவி. இழவு வீட்டாரிடம் போய் உங்கள் ஆளின் சூட்டைக் குளத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். சுகாதார அதிகாரி தன்னிடம் ஆள் பற்றாக்குறை என்றார். வருவாய்ப் பிரிவுக்காரர் இது தன் பிரிவு இல்லை என்றார். மற்றவர்கள் மேஜையைப் பார்த்தார்கள்.

“நான் உட்கார்றேன்,” என்றார் அப்பா. “அந்த மரத்தடியில பெஞ்சு இருக்கு. எனக்கும் வேலை எதுவும் இல்ல. ஆள் கிடைக்கற வரைக்கும் நான் கேக்கறேன்.”

சுவரோரமாக இருந்த மாஸ்டர் அப்போதுதான் கூடத்தைவிட்டு வெளியே போனான்.

கூட்டம் கலையும்போது தையல்கடை அம்மா இன்ஜினியரை நிறுத்தினாள். வீட்டாரைக் கேட்டுவிட்டுச் செய்வதாக இருந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை, பெண்ணை அனுப்புகிறேன் என்றாள். பத்திரிகையில் படித்ததும் ஏதோ அசிங்கமான காரியம் மாதிரி தோன்றியதாம். இப்போது அப்படித் தோன்றவில்லையாம்.

“ஆனா மாஸ்டர் இறங்க மாட்டேன்னுட்டாரே. என் பொண்ணு அவர் கையைப் பிடிச்சாத்தான் தண்ணியில கால் வைப்பா. வேற யாரை நம்பி விடறது?”

சுவிட்சிடம் அதற்கு வால்வு எதுவும் இல்லை.

சாயங்காலம் அவள் மாடிக்குப் போகாமல் கீழேயே இருந்தாள். சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும். மாஸ்டரின் மனைவி பரிமாறிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இது இந்த மூன்று பேர் பேச வேண்டியது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“நீ அந்தப் பக்கம் திரும்பறதில்லன்னு எனக்குத் தெரியலடா,” என்றாள் அக்கா.

“தெரியக் கூடாதுன்னுதான் இருந்தேன்.”

“நான் பார்த்திருக்கணும்.”

“நீ ஒரு தடவை கேட்டிருக்கணும். அதுவே போதும்.” அவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டான். ஊரின் அந்தப் பக்கத்தில் இருக்கிற நகராட்சி விளையாட்டு மைதானத்துக்கு மாற்றல் கேட்டிருப்பதாகச் சொன்னான். கூட்டம் முடிந்து தலைவி காரில் ஏறும்போதே கேட்டுவிட்டானாம். அவசரப்படாதே, யோசித்துவிட்டு வா என்று சொன்னாளாம்.

அப்பா தண்ணீர் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

“நான் அங்க உட்காரப் போறது உனக்குப் பிடிக்கல.”

“பிடிக்கல,” என்றான் மாஸ்டர். “தினம் காலைல உங்களைத் தண்ணியில இறக்கினது அந்த நினைப்பு போகட்டும்னுதான். நீங்க என்னடான்னா அங்கயே போய்க் குடித்தனம் வெக்கறேங்கறீங்க.”

“அவளைக் கொண்டுபோன அன்னிக்கு யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கலடா. இங்க கையெழுத்துப் போடுங்க, அங்க தள்ளி நில்லுங்க. அவ்வளவுதான். யாராவது பக்கத்துல உட்கார்ந்து எதையாவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. எதையாவது.”

மாஸ்டர் சாப்பிடுவதை நிறுத்தினான்.

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? அம்மாவுக்கு. இந்தச் சூட்டை எடுத்துக்கலாமான்னு கேட்டிருந்தா?”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. காலையில் பெஞ்சில் கேட்கத் துணியாத கேள்வி அது.

அப்பா சொல் சரிதானா என்று பார்க்கிறவர் மாதிரி கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

“வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்,” என்றார்.

சுவிட்ச் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“அன்னிக்கு யார் எதைக் கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்,” என்றார் அப்பா அவளைப் பார்த்து. “அதுக்காக நீ செய்யறது தப்புன்னு ஆயிடாது. வேண்டாம்னு சொல்றதுக்கும் ஒரு ஆள் எதிர்ல இருக்கணும் இல்ல? அதுக்குத்தான் போறேன்.”

மாஸ்டர் கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தான். பிறகு அக்கா பக்கம் திரும்பினான். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

“எப்ப தோண்டறாங்க?”

“மாசக் கடைசியில.”

“குழாய் எந்தப் பக்கமா உள்ள வரும்?”

“ஆழம் இல்லாத பக்கம்,” என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். எழுந்து தட்டைக் கழுவப் போனான். குழாயடியில் நின்றபடி, திரும்பாமல் சொன்னான்.

“குழாய் வர்ற வரைக்கும் வகுப்பு நான் எடுக்கறேன். பிள்ளைங்க அம்மாக்கள்கிட்ட சொல்லிடு.”

அதற்குப் பிறகு யார் எடுப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.